சுவரில் ஒட்டிய தாள்

சுவரில் ஒட்டிய பழைய தாளை உரித்தெடுப்பது பற்றி இன்று பேசப் போகிறேன் என்றால், மாணவச் செல்வங்களாகிய உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இதுவும் ஒரு பொருளா, இதற்கும் ஒரு பேச்சா என்று கேட்பீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்திய நானும் அண்மைக் காலம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். தாளைச் சுரண்டக் கையும் கத்தியும் போதும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தால் ஒரு நல்ல சுவரைப் புண்ணாக்கினேன். அதைவிடப் பெரிய தீங்கொன்றைச் செய்ய இருந்து மயிரிழையில் தப்பினேன். பிறருக்குப் பாடம் சொன்னவன் தானே கற்ற பாடம் ஆகையால், அதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறார்கள். 1900-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட ஒரு செங்கல் வீட்டை அவர்கள் வாங்கியிருந்தார்கள். தெரு நெடுகிலும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று. பேரன் தவழத் தொடங்கிய சமயத்தில் நானும் என் மனைவியும் அங்கே சென்று ஆறு மாதம் தங்கினோம். குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் சுவர்த்தாள் அங்கங்கே உப்பிப் பிளந்து கிடந்தது. அதை உரித்துவிட்டுப் புது வண்ணம் பூச வேண்டும் என்றார் மருமகன். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமே! அந்த வேலையை நான் வலிய ஏற்றுக்கொண்டேன்.

சுவர்த்தாள் என்பது யாது? நம் ஊரில் பொங்கல் வந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். ஐரோப்பிய நாடுகளிலோ, பூவும் கொடியும் அச்சிட்ட தாளைப் பசை தடவிச் சுவரில் ஒட்டும் வழக்கம் பன்னெடுங்காலமாக உண்டு. செல்வர் மாளிகைகளில் தொங்கிய சித்திரத் திரைச்சீலைகளுக்கு அது விலை மலிந்த மாற்றாக அமைந்தது. இங்கிலாந்தில் 1712-ஆம் ஆண்டு இத்தாளின்மீது வரி விதித்தார்கள். அச்சிட்டும் வண்ணம் தீட்டியும் விற்கும் தாளுக்கே வரி. ஆகவே வெறுந்தாளை வாங்கிச் சுவரில் ஒட்டிய பின், அதன்மேல் கையால் வண்ணம் தீட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவ்வரி 1836-இல் நீக்கப்பட்டது. பின்னர் லங்காஷயரிலுள்ள டார்வென் என்னும் ஊரில், துணிக்கு அச்சிடும் உருளை இயந்திரத்தைத் தாளுக்கும் பொருந்துமாறு திருத்தி அமைத்தார்கள். அந்த இயந்திரம் அச்சிட்டு வந்த பருத்தித் துணிக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் காலிக்கோ. நம் மேற்குக் கடற்கரையிலுள்ள கோழிக்கோட்டின் பெயரால் வந்தது அது. இயந்திரம் வந்த பின் தாளின் விலை குறைந்து, எளியவர் வீட்டுச் சுவர்களிலும் பூக்கள் பூத்தன.

பிற்காலத்தில், ஒட்டிய பின்னர் மேலே வண்ணம் பூசுவதற்கென்றே சில தாள்கள் தோன்றின. மேடு பள்ளமாக உரு அழுத்திய அனகிளிப்டா என்னும் கனத்த தாள் 1887-இல் வந்தது. இரண்டு தாள்களுக்கிடையே மரச் சீவல்களை வைத்துச் செய்யும் சொரசொரப்பான தாளை ஜெர்மனியில் எர்ஃபுர்ட் என்பவர் 1864-இல் உண்டாக்கினார். இங்கிலாந்தில் அது 1970-களில் வீடுதோறும் பரவியது. இத்தகைய தாள்களின் மேல் குடியிருப்போர் தத்தம் விருப்பம்போல் வண்ணம் பூசிக்கொண்டே போவார்கள். பழைய தாளை நீக்கச் சோம்பி, அதன்மேலேயே புதிய தாளை ஒட்டுவாரும் உண்டு. எங்கள் அறையில் இவை எல்லாம் நிகழ்ந்திருந்தன. மேலே மூன்று நான்கு பூச்சு வண்ணம், அதன்கீழ் மரச்சீவல் தாள், அதன்கீழும் தாள்கள், எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்புக் காரைச் சுவர்.

முதல் நாள் காலையில் ஓர் அகன்ற தகட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு சுவரின்மேல் பாய்ந்தேன். தாள் பொருக்குப் பொருக்காக வந்ததே தவிர, சாண் அகலமாவது சேர்ந்து வரவில்லை. இன்னும் அழுத்தினேன். கத்தி தாளைத் துளைத்து உள்ளே இருந்த காரையைத் தோண்டிற்று. ஒரு வாளி வெந்நீரை வாரி இறைத்தும் பார்த்தேன். தாமரை இலைத் தண்ணீர்போல் அது முத்து முத்தாக உருண்டு தரையில் வடிந்தது. பிற்பகலுக்குள் ஒரு பாய் அளவு இடத்தில் காரை குண்டும் குழியுமாயிற்று. அறை முழுவதும் வெண்மையான தூசி படிந்தது. ஜன்னல் சட்டத்தின் வண்ணமும் உரிந்திருந்தது. மறுநாள் அதனை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடலாம் என்று திட்டமும் போட்டுக்கொண்டேன்.

மாலையில் மகள் வந்து வாசற்படியிலேயே நின்றாள். அவள் இடுப்பில் குழந்தை. “அப்பா, இந்த வண்ணத்துக்கு வயது என்ன என்று பார்த்தீர்களா? இதிலே ஈயம் இருந்தால்?” என்றாள். குழந்தையை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

அவள் கேட்ட கேள்வியின் பொருளை உங்களுக்கு விளக்க வேண்டும். காரீயத்திலிருந்து செய்த ஈய வெள்ளை என்னும் பொடியை எண்ணெயோடு கலந்து வண்ணம் ஆக்குவது உலகெங்கும் நெடுங்காலம் இருந்து வந்த முறை. அவ்வண்ணம் நன்றாக மூடும், விரைவில் உலரும், மழை வெயிலுக்கு அசையாது. ஆனால் ஈயம் நஞ்சு. வண்ணம் உறுதியாக ஒட்டியிருக்கும்வரை தீங்கு குறைவு; அதைச் சுரண்டியோ தேய்த்தோ தூசியாக்கினால்தான் ஆபத்து மிகுதி. தரையில் தவழும் குழந்தையின் கை தூசியில் படும். அந்தக் கை வாய்க்குப் போகும். வயது வந்தவர்களைவிடக் குழந்தைகளின் குடல் ஈயத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. உடல் அதைச் சுண்ணாம்புச் சத்தென்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. வளரும் மூளைக்கு அது செய்யும் கேட்டைப் பின்னர் எந்த மருந்தாலும் முழுமையாக மாற்ற இயலாது. இவ்வளவு ஈயம் இரத்தத்தில் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய வண்ணத்தை 1978-இல் தடை செய்தார்கள்; பிரிட்டனில் பொது விற்பனையை 1992-இல் நிறுத்தினார்கள். எனவே பழைய வீடு என்றால் ஐயுறுவதே அறிவுடைமை.

ஈரத் துணியால் தூசியைத் துடைத்தெடுத்தோம். சுவர் வண்ணத்திலும் ஜன்னல் வண்ணத்திலும் சிறு துணுக்குகளை எடுத்து, தனித்தனி உறைகளில் இட்டு, ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்றார்கள். அந்நாட்களில் அறைக் கதவு பூட்டியே இருந்தது. இரவில் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அப்போதுதான் எங்கள் பள்ளியில் பணியாற்றிய பழைய கடைநிலை ஊழியர் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

எங்கள் பள்ளியின் வெளிமதில் கடைத்தெருவைப் பார்த்தது. வாரந்தோறும் சினிமாச் சுவரொட்டிகளை மைதாப் பசையால் அதன்மேல் ஒட்டிவிடுவார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி அவை விரற்கடை கனம் ஏறிவிடும். ஆண்டு விழாவுக்கு முன் அவற்றைச் சுரண்டச் சொன்னேன். அந்தப் பெரியவர் அசையவில்லை. “ஐயா, காய்ந்த தாளைச் சுரண்டினால் சுவர்தான் போகும். ஒரு மழை வரட்டும், தானே கழன்று கொள்ளும்” என்றார். சோம்பலுக்குச் சாக்குச் சொல்கிறார் என்று கடிந்துகொண்டேன். நான்கு நாள் கழித்து மழை பெய்தது. மறுநாட்காலையில் அவர் மேல்விளிம்பைப் பிடித்து இழுக்க, பத்துப் பன்னிரண்டு சுவரொட்டிகள் ஒரே பாயாகச் சுருண்டு விழுந்தன. வகுப்பறையில் நுண்புழை ஈர்ப்பு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அதைச் சுவரில் கண்டு வைத்திருந்தவர் அவர்.

பசையின் இயல்பை எண்ணிப் பாருங்கள். பழைய சுவர்த்தாள்களை ஒட்டியது பெரும்பாலும் கோதுமை மாவுப் பசையே. நீங்கள் பட்டம் ஒட்டும் சோற்றுப் பசைக்கு அது உறவு. மாவிலுள்ள மாச்சத்துத் துகள்கள் வெந்நீரில் நீரைக் குடித்துப் பருத்துக் கூழாகின்றன. அந்தக் கூழ் காயும்போது, அதன் நீண்ட மூலக்கூறுகள் தாளின் நார்களையும் சுவரின் நுண்துளைகளையும் பற்றிக்கொள்கின்றன. மறுபடியும் நீர் அங்கே சென்றால் பிடி தளர்ந்துவிடுகிறது. தாளும் நார்களால் ஆனதால், நார்களுக்கு இடையிலுள்ள நுண்புழைகளின் வழியே நீரைத் தானாகவே உறிஞ்சும். ஆகவே வெறுந்தாள் ஆனால் நனைத்துச் சற்றுப் பொறுத்தால் போதும்.

ஆனால் எங்கள் சுவரில் தாளின்மேல் வண்ணம் இருந்தது. அது காய்ந்து, இடைவெளி இல்லாத ஒரு தோலாகப் படிந்திருந்தது. அத்தோல் நீரை உள்ளே விடாது. வாளித் தண்ணீர் முத்தாக உருண்டோடியதன் காரணம் இதுவே. ஆகவே வண்ணத்தைக் கடந்து நீரைப் பசைக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதுதான் முழு வேலையும். கத்திக்கு அதில் கடைசி இடமே உண்டு.

ஆய்வு முடிவு வந்தது. சுவரின் வண்ணத்தில் ஈயம் இல்லை. ஜன்னல் சட்டத்தின் அடிப்பூச்சில் இருந்தது, அதுவும் மிகுதியாக. நான் மறுநாள் உப்புத்தாளால் தேய்க்க எண்ணியிருந்த சட்டம் அது. அறிந்து தப்பினேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு நாள் முன்பின் ஆகியிருந்தால், நானே என் பேரனின் அறையில் நஞ்சைத் தூவியிருப்பேன். அந்தச் சட்டத்தில் உரிந்திருந்த இடங்களை மட்டும் அப்பயிற்சி உடைய தொழிலாளர் ஒருவர் ஈரமாக்கிச் சீர் செய்து, மேலே புது வண்ணம் பூசி மூடினார். உறுதியாக இருக்கும் ஈய வண்ணத்தைத் தொந்தரவு செய்யாமல் மூடிவிடுவதே பெரும்பாலும் நல்லது. அதை உலர்வாகத் தேய்ப்பதும், தீயால் சுட்டு உரிப்பதும் ஒருபோதும் செய்யத் தகாதவை.

பின்னர் சுவருக்குத் திரும்பினோம். வரிசை முறையைச் சொல்கிறேன். முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தினோம்; ஏனெனில் ஈரமும் மின்சாரமும் கூடா. அறையிலிருந்த பொருள்களை வெளியே எடுத்துத் தரையில் கனத்த விரிப்பைப் பரப்பினோம். பிறகு தாளின் ஒட்டுவாயைத் தேடிக் கத்தியின் நுனியால் மெல்லக் கிளப்பினோம். சில இடங்களில் வண்ணம் பூசிய மேல்தோல் மட்டும் உலர்வாகவே உரிந்து வந்து, அடித்தாள் சுவரிலேயே நின்றது. அப்படி வந்தால் வேலை பாதி முடிந்ததென்று கொள்ளலாம். அடித்தாள் வெறுந்தாள், அது நீரைக் குடிக்கும்.

மேல்தோல் வராத இடங்களில், சிறு பற்கள் உடைய சக்கரங்களைக் கொண்ட ஒரு கருவியைச் சுவரின்மேல் உருட்டினோம். அது வண்ணத் தோலில் ஊசித் துளைகள் இடும். இங்கே அழுத்தம் கூடாது. அழுத்தினால் துளை காரை வரை இறங்கி, சுவர் முழுவதும் அம்மைத் தழும்பாகிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கலந்து பஞ்சினால் ஒற்றினோம். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், முத்தாக உருளாமல் நீர் படர்ந்து துளைகளுக்குள் இறங்குகிறது. கால் மணி நேரம் பொறுத்து மறுபடியும் ஒற்றினோம். இந்தப் பொறுமைதான் அன்று எங்கள் ஊழியர் மழைக்காகக் காத்திருந்த பொறுமை.

மிகக் கனத்த இடங்களுக்கு நீராவிக் கருவி வாடகைக்குக் கிடைத்தது. நீராவிக்கு ஏன் அத்தனை ஆற்றல் என்று உங்கள் பாடத்திலிருந்தே சொல்லலாம். கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் வெந்நீர் 40 பாகை வரை ஆறும்போது 60 கலோரி வெப்பத்தையே தருகிறது. அதே ஒரு கிராம் நீராவி, நீராக மாறும் அந்தக் கணத்திலேயே ஏறக்குறைய 540 கலோரியைத் தந்துவிடுகிறது. உள்ளுறை வெப்பம் என்பது அதுவே. ஊசித் துளைகளின் வழியே புகுந்த நீராவி, பசையிருக்கும் இடத்தில் குளிர்ந்து, ஒன்பது மடங்கு வெப்பத்தையும் நீரையும் ஒருங்கே அங்கே இறக்கி வைக்கிறது. ஆனால் அதுவே கையில் பட்டாலும் அதே கணக்குத்தான். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கருவியை ஓரிடத்தில் நெடுநேரம் வைத்தால் பழைய காரை சுவரை விட்டுக் கழன்றுவிடும். இக்காலத்து வீடுகளில் ஜிப்சப் பலகைச் சுவர்கள் உண்டு. அவற்றின் மேற்பரப்பே தாள் ஆகையால் ஈரத்தை இன்னும் அளவாகவே காட்ட வேண்டும்.

அதன் பின்னரே கத்தி. அகன்ற தகட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துத் தள்ளினால், தாள் நீண்ட நாடாவாக வந்தது. சுவரைக் குத்த வேண்டிய தேவையே இல்லை. தாள் போன பின்பும் சுவரில் பசை வழுவழுப்பாக எஞ்சியிருக்கும். அதை வெந்நீரால் கழுவித் துடைக்க வேண்டும். இதைச் சோம்பி விட்டுவிட்டால் நாளை பூசும் வண்ணம் பொருக்காக எழும்பும். சுவர் நன்றாக உலரச் சில நாட்கள் விட்டு, நான் தோண்டிய குழிகளைக் காரையால் அடைத்தோம். எல்லாவற்றிலும் அதிக நேரம் பிடித்தது அந்தக் குழிகளை அடைக்கும் வேலைதான்.

அடுக்குகள் ஒவ்வொன்றாக விலகும்போது, பழந்தாள்களில் பச்சை நிறம் கண்டால் எச்சரிக்கை வேண்டும் என்று மருமகன் சொன்னார். சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே 1775-இல் செம்பையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஓர் அழகிய பச்சையை உண்டாக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் அத்தகைய நச்சுப் பச்சைகள் சுவர்த்தாள்களில் தாராளமாகப் பயன்பட்டன. ஈரம் தங்கிய சுவரில் வளரும் பூஞ்சை, அந்தத் தாளிலிருந்து ஆர்சனிக் கலந்த ஒரு வாயுவை வெளியிடுவதை இத்தாலியரான கோசியோ 1890-களில் கண்டார். அது இன்ன வாயு என்று 1930-களில் தெளிவாக்கியவர் சாலஞ்சர். அவர் இதே லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அவ்வறைகளில் வாழ்ந்தோர் நோயுற்றதற்கு அந்த வாயுவே காரணமா என்பதில் பின்வந்தோர் ஐயம் எழுப்பினர். அப்பச்சைத் துகள் நஞ்சு என்பதில் ஐயமில்லை. எங்கள் சுவரில் பச்சை இல்லை. மங்கிய சிவப்பு ரோஜாக்களே இருந்தன.

கடைசித் தாளும் போன பின், காரையின்மேல் பென்சிலால் எழுதிய ஒரு கணக்கு தெரிந்தது. சுற்றளவு 54 அடி, தாளின் அகலம் 21 அங்குலம், துண்டுகள் 31, சுருளுக்கு 4, ஆக 8 சுருள். என்றோ ஒருநாள் அந்த அறைக்கு முதன்முதலாகத் தாள் ஒட்டிய தொழிலாளி போட்ட கணக்கு. வாத்தியார் புத்தி விடுமா? நின்ற இடத்திலேயே சரி பார்த்தேன். 648 அங்குலத்தை 21-ஆல் வகுத்தால் முப்பதும் சொச்சமும் வரும்; குறையை முழுமையாக்கி 31 என்று எடுத்திருக்கிறார். கணக்கில் பிழையில்லை. முதல் நாள் நான் தோண்டிய குழி, அந்தக் கணக்குக்கு இரண்டு விரற்கடை இடப்புறம் வந்து நின்றிருந்தது. மகள் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அந்த இடத்தில் வண்ணம் பூசினோம்.

இது சீமைச் சுவரின் கதை, நமக்கென்ன என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி 2016-இல் பிறந்து, 2017 நவம்பர் முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முற்பட்ட எண்ணெய் வண்ணங்கள் நம் கதவுகளிலும், ஜன்னல் கம்பிகளிலும், பள்ளிப் பெஞ்சுகளிலும் இன்னும் இருக்கின்றன. பொங்கலுக்கு முன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அவற்றை உலர்வாகத் தேய்க்கிறோம். பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த வேலை நடந்தால், படித்த பிள்ளைகளாகிய நீங்கள் முன்வந்து சொல்லுங்கள்: குழந்தையை அப்புறப்படுத்த வேண்டும், தேய்க்கும் இடத்தை ஈரமாக்க வேண்டும், தூசியைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், உறுதியான பழைய பூச்சை வீணாகக் கிளறலாகாது. சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்ளவும் கூடும். நானும் அன்று அந்தப் பெரியவரைக் கடிந்துகொண்டவன்தான்.

ஊர் திரும்பியதும் அவரைத் தேடிக்கொண்டு போனேன். பணி ஓய்வு பெற்று, ஊர்க்கோடியில் மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சீமையில் நான் சுவரைப் பாழாக்கிய கதையைச் சொன்னேன். அவர் பொக்கை வாயால் சிரித்துவிட்டு, “அங்கேயும் மழை பெய்யுமில்லையா ஐயா?” என்று கேட்டார்.